அந்த வில்லையைப் புளி போட்டுத் தேய்க்காதீங்க!
(பழைய எனாமல் ராணுவ பேட்ஜ்கள்: சேகரிப்பதும் பாதுகாப்பதும்)



தபால்தலை சேகரிப்பவர்கள் நம் பள்ளியில் நிறைய பேர். பழைய நாணயம், தீப்பெட்டிப் படம், கிளிஞ்சல் சேகரிப்பவர்களும் உண்டு. நான் சேகரிப்பது ராணுவ பேட்ஜ். "அதுல என்னடா இருக்கு?" என்று பலரும் கேட்கிறார்கள். அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரை. படித்து முடித்ததும் உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியை ஒருமுறை திறந்து பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பேட்ஜ் என்றால் என்ன?

தாலுக்கா ஆபீஸ் டபேதார் டவாலியில் ஒரு பித்தளைத் தகடு இருக்குமே, அதற்குத் தமிழில் 'வில்லை' என்று பெயர். ராணுவ பேட்ஜும் ஒரு வில்லைதான். தொப்பியில், காலரில், தோள்பட்டையில் குத்துவார்கள். இவர் எந்தப் படையைச் சேர்ந்தவர் என்று பார்த்த உடனே தெரிய வேண்டும், அதற்காகத்தான்.

சில பேட்ஜ்கள் வெறும் பித்தளை. சிலவற்றில் நீலம், சிவப்பு, வெள்ளை, பச்சை என்று பளபளப்பான வண்ணம் இருக்கும். அதுதான் எனாமல். பார்த்தால் பெயிண்ட் போலத் தெரியும். ஆனால் பெயிண்ட் இல்லை, கண்ணாடி!

எனாமல் செய்வது எப்படி?

பாட்டி வீட்டில் வெள்ளை எனாமல் தட்டு, நீல விளிம்பு போட்ட பேசின் பார்த்திருப்பீர்கள். அதே தொழில்நுட்பம்தான். கண்ணாடியை மாவாகப் பொடித்து, உலோகத்தின் மேல் பரப்பி, சூளையில் வைத்துச் சுமார் 750 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரை சுடுவார்கள். பொடி உருகி உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். வண்ணத்துக்கு உலோக ஆக்சைடு சேர்ப்பார்கள். கோபால்ட் சேர்த்தால் ஆழ்ந்த நீலம், தாமிரம் சேர்த்தால் பச்சை, வெள்ளீய ஆக்சைடு சேர்த்தால் வெள்ளை.

பேட்ஜ் செய்யும்போது முதலில் அச்சில் வைத்து அடித்துத் தகட்டில் சின்னச் சின்னப் பள்ளங்கள் உண்டாக்குவார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு வண்ணப் பொடி. சுட்ட பிறகு மேற்பரப்பைச் சமமாகத் தேய்த்து மெருகு போடுவார்கள். நம் நாட்டில் ஜெய்ப்பூர் நகைகளில் வரும் 'மீனாகாரி' வேலையும் இந்தக் குடும்பம்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உலோகமும் கண்ணாடியும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. அதனால் திடீர்ச் சூடு, திடீர்க் குளிர்ச்சி இரண்டுமே எனாமலுக்கு ஆபத்து. கீழே விழுந்தால் கண்ணாடி மாதிரியே சில்லு தெறிக்கும். எனாமல் தட்டின் விளிம்பு உடைந்த இடத்தில் கறுப்பாகித் துருப்பிடிக்குமே, அதேபோல் பேட்ஜிலும் சில்லு போன இடம் வழியாக ஈரம் உள்ளே போகும்.

நம் ஊருக்கும் ராணுவ பேட்ஜுக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது! 1781 ஜூலை 1 அன்று நம் பரங்கிப்பேட்டையில் நடந்த போரை வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறோம். மைசூர் ஹைதர் அலியின் பெரும்படைக்கும் ஜெனரல் அயர் கூட் தலைமையில் வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கும் கடலோர மணல்மேடுகளுக்குப் பக்கத்தில் சண்டை. அயர் கூட் ஜெயித்தார். பிறகு அதே ஆண்டு செப்டம்பரில் சோளிங்கரில் இன்னொரு போர்.

கம்பெனிப் படையில் பெரும்பகுதி நம் நாட்டுச் சிப்பாய்கள்தான். அவர்கள் தொப்பியில் அப்போது எனாமல் கிடையாது. ஆனால் அந்தப் போர்த்தொடருக்காகப் பின்னாளில் மதராஸ் படைப்பிரிவுகளுக்கு 'கர்நாடிக்' என்ற போர்ப்பெருமை கிடைத்தது. சோளிங்கர் போருக்குத் தனியாக ஒரு பெருமை. அந்த 'கர்நாடிக்' என்ற ஒரு சொல்லுக்குள் நம் ஊர் மணலும் இருக்கிறது என்று நினைக்கும்போது எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, கஷ்டமாகவும் இருக்கிறது. இரண்டு பக்கமும் செத்தவர்கள் நம்மவர்கள்தானே!

மதராஸ் ரெஜிமென்ட்டின் சின்னத்தில் ஒரு யானை உண்டு. கேடயத்தின் மேல் யானை, குறுக்கே இரண்டு வாள். அது 1803 இல் நடந்த அசாயே போரை நினைவுபடுத்தும் யானை. இந்தப் படை இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் கலைக்கப்பட்டு, 1941 இல் மறுபடியும் தொடங்கப்பட்டது. இதன் பயிற்சி மையம் நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. இப்படி ஒரு சின்னத் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டே 200 வருஷ வரலாறு பேசலாம்.

இந்தியச் சிப்பாய்களுக்குக் கிடைத்த எனாமல்களில் பெரியது 'இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட்'. 1837 இல் கம்பெனி ஏற்படுத்திய வீர விருது இது. நட்சத்திர வடிவம், நடுவில் கருநீல எனாமல் வட்டம், அதில் இரண்டு வாள். 1911 வரை இந்தியச் சிப்பாய்களுக்கு விக்டோரியா கிராஸ் கொடுக்கப்படவில்லை. அதனால் அதுவரை அவர்கள் பெறக்கூடிய மிக உயர்ந்த வீர விருது இந்த நீல வட்டம்தான்.

உங்களுக்குத் தெரியுமா?

* முதல் உலகப் போர் நேரத்தில் பிரிட்டனில் போர்க்கருவித் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு 'ஆன் வார் சர்வீஸ் 1915' என்ற நீல எனாமல் பேட்ஜ் கொடுத்தார்கள். ஏன் தெரியுமா? ராணுவ உடையில்லாமல் தெருவில் நடக்கும் இளைஞர்களைக் 'கோழை' என்று கேலி செய்தார்களாம். "நானும் நாட்டுக்காகத்தான் உழைக்கிறேன்" என்று சொல்ல அந்த பேட்ஜ்.

* அதே காலத்தில் சிப்பாய்கள் தங்கள் படைச் சின்னத்தைச் சின்ன எனாமல் புரூச்சாக வாங்கி அம்மாவுக்கும் மனைவிக்கும் கொடுத்தார்கள். போர்முனையில் இருப்பவரை நினைத்து அவர்கள் அதைப் புடவை ஊக்கு மாதிரி குத்திக்கொண்டார்கள்.

* 1943 இல் சிங்கப்பூரில் நேதாஜி தொடங்கிய ராணி ஜான்சி படையில் மலேயாத் தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர் சேர்ந்தார்கள். அதற்குத் தலைமை கேப்டன் லட்சுமி. மலேயா, பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களின் பெட்டியில் ஒரு பழைய வில்லை கிடந்தால் அலட்சியம் செய்யாதீர்கள்.

பேட்ஜின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. துப்பறிகிற மாதிரி இருக்கும்.

1. மேலே கிரீடம் இருக்கிறதா, சிங்கம் இருக்கிறதா? இந்தியப் படை பேட்ஜில் பிரிட்டிஷ் கிரீடம் இருந்தால் அது 1950 ஜனவரி 26 க்கு முந்தைய மாதிரி. அசோகச் சிங்கம் இருந்தால் குடியரசான பிறகு வந்தது.

2. எழுத்து என்ன? 'வி.ஆர்.ஐ.' என்றால் விக்டோரியா காலம். 'ஜி.ஆர்.ஐ.' என்றால் ஜார்ஜ் மன்னர் காலம். கடைசியில் வரும் 'ஐ' பேரரசர் என்பதற்கான லத்தீன் சொல்லின் முதல் எழுத்து.

3. பின்பக்கம் திருப்புங்கள். இரண்டு வளையம் வைத்துக் குறுக்கே ஊசி செருகுவது ஒரு வகை. நீளமான தகட்டு நாக்கு இன்னொரு வகை. புடவை புரூச் மாதிரி ஊசி மூன்றாவது வகை. வண்ணத்துப்பூச்சி இறக்கை மாதிரி அழுத்தி எடுக்கும் பூட்டு இருந்தால் பெரும்பாலும் அண்மைக் காலத்தது.

4. பின்னால் தயாரித்தவர் பெயர் இருக்கலாம். பர்மிங்காம் நகரத்து 'ஜே.ஆர். காண்ட்' கம்பெனியின் பெயர் பல பேட்ஜ்களில் வரும்.

5. எனாமலா, பிளாஸ்டிக் பூச்சா? லென்ஸ் வைத்துப் பாருங்கள். பழைய சூளை எனாமல் உலோகக் கோட்டோடு சமமாக இருக்கும், கன்னத்தில் வைத்தால் கண்ணாடி மாதிரி சில்லென்று இருக்கும். பிசின் பூச்சு கொஞ்சம் குமிழாகப் புடைத்திருக்கும், அவ்வளவு குளிர்ச்சி இருக்காது. ஓரங்கள் மழுங்கி, மேலே பொத்தல் பொத்தலாக இருந்தால் வார்ப்பில் ஊற்றிய போலியாக இருக்கலாம்.

எங்கள் வீட்டுப் பெட்டியில்

என் சேகரிப்பில் இருப்பது 9 பேட்ஜ். அதில் 3 எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியிலேயே கிடைத்தவை. பாட்டியின் அப்பா இரண்டாம் உலகப் போர் சமயத்தில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்தவர். யானை போட்ட பித்தளை பேட்ஜ் அவருடையது. வெள்ளை எனாமலில் சிவப்புச் சிலுவை போட்டது பாட்டியின் சித்தியுடையது, அவர் நர்ஸாக இருந்தாராம். மூன்றாவது, சின்னதாக நீல எனாமல், மேலே கிரீடம். அது யாருடையது என்று பாட்டிக்கே தெரியவில்லை. "அம்மா சொல்லுவாங்க, நான் காதுல வாங்கிக்கல கண்ணு" என்றார்.

யோசித்துப் பாருங்கள். முதல் இரண்டுக்கும் ஆள் இருக்கிறார், கதை இருக்கிறது. மூன்றாவது அழகில் எதற்கும் குறைவில்லை, ஆனால் அநாதை. இரண்டு உலகப் போர்களிலும் இந்தியாவிலிருந்து போனவர்கள் கொஞ்சநஞ்சம் பேர் இல்லை. முதல் போரில் 13 லட்சத்துக்கு மேல், இரண்டாவதில் சுமார் 25 லட்சம். அவர்களில் எத்தனை பேருடைய வில்லைகள் பழைய இரும்புக்கும் பேரீச்சம்பழத்துக்கும் போயிருக்கும்!

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பொங்கலுக்குப் பாத்திரம் விளக்கும்போது தாத்தாவின் பேட்ஜையும் சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துவிட்டார்கள். மரியாதை குறைவாக நினைத்து அல்ல, பளபளவென்று இருக்கட்டும் என்ற பாசத்தில்தான். இப்போது அது தங்கம் மாதிரி மின்னுகிறது. ஆனால் படையின் பெயர் எழுதிய எழுத்து தேய்ந்து வழுவழு என்று ஆகிவிட்டது. ஓரத்தில் எனாமலும் மங்கிவிட்டது. எந்தப் படை என்று இனிமேல் யாராலும் படிக்க முடியாது.

புளி ஏன் கூடாது? (கொஞ்சம் வேதியியல்)

புளியில் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம். இவை பித்தளையின் கறுப்பு ஆக்சைடைக் கரைக்கும், அதனால்தான் பளபளப்பு. ஆனால் அமிலம் அதோடு நிற்காது. பழைய எனாமல் கண்ணாடியையும் மெதுவாக அரிக்கும். எனாமலுக்கும் உலோகத்துக்கும் நடுவில் இருக்கும் மயிரிழை இடுக்கில் தங்கிவிட்டால் கழுவினாலும் போகாது. முலாம் பூசிய பேட்ஜாக இருந்தால் முலாம் மெல்லிய படலம்தான், நாலு தேய்ப்பில் காணாமல் போகும்.

சாம்பல், திருநீறு, பாத்திரம் துலக்கும் பொடி, பற்பசை எல்லாமே உரசும் பொருள்கள். என்.சி.சி. நண்பர்கள் கவனிக்கவும்: பெல்ட் பக்கிளுக்குப் பிராசோ போடுவது உங்கள் டியூட்டி, அது சரி. பழைய எனாமல் பேட்ஜுக்குப் போடாதீர்கள். அது உரசவும் செய்யும், இடுக்குகளில் வெள்ளையாகப் படிந்தும் போகும்.

தேங்காய் எண்ணெயும் வேண்டாம். எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலம் தாமிரத்தோடு சேர்ந்து பச்சை மெழுகு மாதிரி ஒரு களிம்பை உண்டாக்கும்.

நம் ஊர்க் காற்றே முதல் எதிரி

கிழக்கே கடல், பக்கத்தில் வெள்ளாற்று முகத்துவாரம். நம் ஊர்க் காற்றில் உப்பும் ஈரமும் எப்போதும் உண்டு. ஜன்னல் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். தாமிரம் கலந்த உலோகத்தில் உப்பு புகுந்துவிட்டால், உப்பிலுள்ள குளோரைடு, ஈரம், காற்று மூன்றும் சேர்ந்து வெளிர்பச்சைத் தூளை உண்டாக்கும். அப்போது வெளிவரும் அமிலம் மறுபடியும் உலோகத்தைத் தின்னும். இப்படிச் சுற்றிச் சுற்றி நடப்பதால் இதற்கு 'வெண்கல நோய்' என்றே பெயர்!

மண்ணுக்கடியில் கிடைத்த சாமி சிலைகளுக்கும் இதே நோய் வரும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இதற்கென்றே 1930 இல் ஒரு வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். சோழர் காலச் சிலைக்கு என்ன வைத்தியமோ, அதன் சின்ன அளவுதான் நம் பேட்ஜுக்கும்: உப்பை விலக்கு, ஈரத்தை விலக்கு.

செய்ய வேண்டியவை

1. கையை சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு எடுங்கள். வியர்வையிலும் உப்பு உண்டு. ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள், எனாமல் முகத்தில் விரல் வைக்காதீர்கள்.

2. மேசையில் மடித்த துண்டு விரித்து, அதன் மேல் வைத்தே பாருங்கள். கை தவறினாலும் சில்லு போகாது.

3. தூசியை மெல்லிய வாட்டர்கலர் பிரஷ்ஷால் தட்டினால் போதும்.

4. அழுக்கு இருந்தால், பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் பஞ்சைத் தொட்டு, பிழிந்து, லேசாக ஒற்றி எடுங்கள். உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். எனாமலில் விரிசல் இருந்தால் தண்ணீரே வேண்டாம், பிரஷ் மட்டும்.

5. பச்சை மெழுகுக் களிம்பு இருந்தால் பல்குத்தும் மரக்குச்சியால் மெதுவாக நீக்குங்கள். குண்டூசி, பிளேடு கூடாது.

6. வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் அந்த பேட்ஜை மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனியாக, உலர்வாக வையுங்கள்.

7. கஞ்சி போடாத, துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி, இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். ஷூ டப்பாவில் வருமே சிலிக்கா ஜெல் பொட்டலம், அதைத் தூக்கிப் போடாமல் இந்த டப்பாவில் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் பொட்டலத்தை மாற்றுங்கள்.

செய்யக் கூடாதவை

1. வெந்நீரில் போடாதீர்கள், வெயிலில் காய வைக்காதீர்கள்.

2. ரப்பர் பேண்ட், செய்தித்தாள், கம்பளித் துணி, ஸ்பாஞ்ச், பிளைவுட் பெட்டி வேண்டாம். இவற்றிலிருந்து வரும் கந்தகமோ அமில ஆவியோ உலோகத்தைக் கறுக்க வைக்கும்.

3. ஒரே டப்பாவில் கலகலவென்று கொட்டி வைக்காதீர்கள். ஒன்றின் ஊசி இன்னொன்றின் எனாமலைக் கீறும்.

4. சில்லு போன இடத்தை நெயில் பாலிஷ் வைத்து அடைக்காதீர்கள். மேலே வார்னிஷும் பூசாதீர்கள்.

5. வாயில் வைக்காதீர்கள். பழைய எனாமலில் ஈயம் கலந்திருக்கும். தொட்ட பிறகு கை கழுவுங்கள். தம்பி தங்கைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

சேகரிப்பது குற்றமில்லை. ஆனால் ராணுவ வீரர் என்று மற்றவர்களை நம்ப வைப்பதற்காக அந்தச் சின்னத்தை அணிந்து திரிவது குற்றம். 1972 ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 வருஷத்துக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மண்ணைத் தோண்டும்போது பழைய பொருள் எதுவும் கிடைத்தால் வி.ஏ.ஓ.விடமோ தாசில்தாரிடமோ தெரிவிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது: ஒரு நோட்டு

சேகரிப்பில் விலை அதிகமான பொருள் பேட்ஜ் இல்லை. 40 பக்க நோட்டுதான். ஒவ்வொரு பேட்ஜுக்கும் ஒரு எண் கொடுத்து, ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நான் எழுதுவது இப்படி:

எண்:
யாருடையது (பெயர், நமக்கு என்ன உறவு):
எந்தப் படை, எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை:
எங்கெல்லாம் போனார்:
யார் சொன்னார்கள், எந்தத் தேதியில் சொன்னார்கள்:
இப்போது எப்படி இருக்கிறது (சில்லு, கீறல், களிம்பு):

எண்ணை பேட்ஜின் மேல் எழுதாமல், சின்ன அட்டையில் எழுதி நூலில் கட்டுங்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

"யார் சொன்னார்கள்" என்ற வரி மிக மிக முக்கியம். புளி தேய்த்த எழுத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அதேபோல், பாட்டி சொல்லாமல் விட்டதை எந்தப் புத்தகத்திலும் தேட முடியாது. இரண்டாம் உலகப் போர் முடிந்தது 1945 இல். அதில் போனவர்களை நேரில் பார்த்துப் பேசிய தலைமுறையே இப்போது நம் தாத்தா பாட்டிமார்கள்தான். அவர்களிடம் கேட்க நமக்கு இருக்கும் நேரம் குறைவு.

ஒரு வேண்டுகோள்

போகிக்கு வீட்டை ஒழிக்கும்போதோ, கல்யாணத்துக்கு வெள்ளையடிக்கும்போதோ, பழைய பெட்டியில் இப்படி ஒரு வில்லை கிடைத்தால் மூன்றே மூன்று செய்யுங்கள். தேய்க்காதீர்கள். எடைக்குப் போடாதீர்கள். வீட்டுப் பெரியவரிடம் "இது யாருடையது?" என்று கேளுங்கள்.

பேட்ஜைப் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டாம், தொலைந்து போகும். கேட்ட கதையை ஒரு தாளில் எழுதி வரலாறு ஐயாவிடம் கொடுங்கள். நிறையச் சேர்ந்தால் அடுத்த சுவர் இதழை முழுக்க முழுக்க 'எங்கள் ஊர் வில்லைகள்' என்றே போடலாம் என்று ஐயா சொல்லியிருக்கிறார்.

சென்னைக்குச் சுற்றுலா போனால் செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குள் நுழைந்து பாருங்கள். 1948 இல் திறந்தது. பழைய சீருடைகள், பதக்கங்கள், ஆயுதங்கள் எல்லாம் கண்ணாடிக்குள் இருக்கின்றன. கண்ணாடிக்கு வெளியே, நம் வீடுகளில் இருப்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூளைக்கு வேலை!

1. ஒரு இந்தியப் படை பேட்ஜில் கிரீடம் இருக்கிறது. அது எந்த வருஷத்துக்கு முந்தைய மாதிரி?
2. எனாமலில் நீல நிறம் தருவது எந்த உலோகம்?
3. மதராஸ் ரெஜிமென்ட் சின்னத்தில் இருக்கும் விலங்கு எது? எந்தப் போரின் நினைவு?
4. புளியில் இருக்கும் அமிலம் எது?

(விடைகள் கட்டுரைக்குள்ளேயே இருக்கின்றன. பக்கத்தில் நிற்பவரைக் கேட்காமல் மறுபடியும் படியுங்கள்!)